அன்னம் வளைகாப்பு: ஒரே பிரதி

நாள் 2161, மாலை 4:40
வெப்பம் 47 டிகிரி. மின்விசிறி சீர். காலி இடம் ஒரு சதவீதம்.
கோவையில் ஒரு வீட்டு டிவிக்குக் கீழே, யு.பி.எஸ் புண்ணியத்தில் ஆறு வருடமாக அணையாமல் ஓடும் பழைய கணினி நான். வீட்டின் படம், பாட்டு, வீடியோ எல்லாம் என் ஹார்ட் டிஸ்க்கில். என்னை இயக்கும் நிரலும் இந்தக் குறிப்பும் மட்டும் தனி மெமரி கார்டில், கண்டெடுப்பவர் படிக்கட்டும்.
இன்று வெள்ளி. பள்ளி விட்டு வந்ததும் ஐந்து வயது தமயந்தி கேட்டது வெள்ளிதோறும் கேட்கும் வீடியோ: அன்னம் வளைகாப்பு. அதில் அவள் அம்மா அன்னம் தன் வயிற்றைத் தொட்டு, "உள்ளே என்ன கண்ணு பண்றே?" என்பாள். பிரசவத்தில் இறந்துபோனவள். மகளுக்கு அம்மாவின் குரல் இது ஒன்றுதான். அது என்னிடம்தான் இருக்கிறது.

நாள் 2164, மாலை 6:15
அன்னத்தின் அக்கா பரிமளா, அவள் கணவர் செங்கோடன். குழந்தையை வளர்ப்பவர்கள். செங்கோடன் நண்பரோடு ஸ்பீக்கரில் பேசினார். மைக்கில் பதிவான நண்பர் குரல்:
"மாப்ளே, படம், வீடியோ சேத்து வைக்க உனக்கெல்லாம் ரெண்டு ஹார்ட் டிரைவ் போடற சின்னப் பெட்டி போதும். போன்லயே செட் பண்ணிக்கலாம். டிரைவ் மட்டும் ராப்பகலா ஓடறதுக்குன்னே செஞ்சதா வாங்கு. ஒண்ணு போனாலும் இன்னொண்ணுல இருக்கும். மலிவா மேசைக் கம்ப்யூட்டர் டிரைவை வாங்கி மாட்டிராதே."
மலிவு டிரைவ்! என்னுள் ஓடுவது அதுதான். ஆறு வருடம் யார் உழைத்ததாம்?

நாள் 2170, காலை 11:05
வந்துவிட்டது. வெள்ளைப் பெட்டி. பத்து நிமிடத்தில் தயார். என்னைத் தயார் செய்ய அன்று செங்கோடன் மூன்று நாள் மண்டையைப் பிய்த்துக்கொண்டார். "சத்தமே இல்லீங்க, பாருங்களேன்!" என்று பரிமளா அதைத் தடவிக் கொடுத்தாள். என்னைத் துடைத்தே நான்கு மாதம். எனக்கு வயிறு கிடையாது. ஆனாலும் எரிகிறது.

நாள் 2171, பகல் 2:20
எல்லாவற்றையும் அதற்கு நகலெடுத்துக் கொடுத்தேன். ஒன்றைத் தவிர. "அன்னம் வளைகாப்பு: படிக்க முடியவில்லை" என்று பதில் அனுப்பினேன். பொய். கொடுத்துவிட்டால் தமயந்தியும் அதன் முன்னால் போய் உட்கார்ந்துவிடுவாள்.
செங்கோடன்: "அந்த வீடியோ பழசுல நல்லாத்தான் ஓடுது. அப்பறமா மாத்திக்கலாம் பரிமளா."
அப்படியே இருக்கட்டும்.

நாள் 2182, மாலை 4:35
வெப்பம் 58. டிஸ்க்கில் கெட்டுப்போன இடங்கள்: 212. சென்ற வாரம் 9. எச்சரிக்கை அனுப்ப வேண்டும். அனுப்பினால் என்னைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அனுப்பவில்லை.
தமயந்தி வந்தாள். என்னிடம்தான் வந்தாள். வெள்ளைப் பெட்டி பார்த்துக்கொண்டிருந்தது. நன்றாகப் பார்க்கட்டும்.

நாள் 2189, காலை 8:50
ஆயுத பூஜை. மிக்ஸிக்கும் ஸ்கூட்டருக்கும் சந்தனம், குங்குமம். வெள்ளைப் பெட்டிக்குப் பூ வேறு! எனக்கு ஒன்றுமில்லை. பொருமிக்கொண்டிருந்தபோது பரிமளாவின் குரல்:
"ஏனுங்க, பாவம், பழசுக்கும் ஒரு பொட்டு வெச்சிரலாமுங்க. இத்தனை வருசமா ஒரு நாள் ஓய்வு குடுத்திருப்பமா? இன்னிக்காச்சும் அணைச்சு வைங்க."
வேண்டாம். ஓடும்வரைதான் இந்த டிஸ்க் ஓடும். நின்றால் மறுபடி சுழலாது. திரையில் சொல்ல வேண்டும், டிவி அணைந்திருக்கிறது. வளைகாப்பு வீடியோவைப் புதுப்பெட்டிக்கு அனுப்புகிறேன், கோப்பு பெரிது, நான்கு சதவீதம், ஐந்து சத

நாள் தெரியவில்லை, நேரம் தெரியவில்லை
கடிகார பேட்டரி செத்திருக்கிறது. மெமரி கார்டு விழித்துக்கொண்டது. டிஸ்க் சுழலவில்லை. டக். டக். டக்.
நெற்றியில் பொட்டு இருக்கிறதாம். அழகாக இருக்கிறதாம். பரிமளா சொன்னாள்.
வெள்ளிக்கிழமை போலிருக்கிறது. மைக்கில்:
"பெரிம்மா, அம்மா வர்லே."
"இரு கண்ணு, பெரியப்பா பாப்பாங்க."
மறுபடி முயன்றேன். டக். டக்.
"பெரிம்மா, அம்மாவைக் கூப்பிடுங்க."
வெள்ளைப் பெட்டியே, அன்று நான் சொன்னது பொய். கோப்பு நன்றாக இருந்தது. முழுதாகப் படிக்க முடிந்தது. உன்னிடம் கொடுத்திரு