உறுப்பினர் பதினேழு

நவம்பர் 12, புதன்

பெரியப்பா மகள் வசந்தி அக்கா எங்கள் வகுப்பின் கணக்குப் பாட வாட்ஸ்அப் குழுவை வைத்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். ஆசிரியர் இல்லாமல் மாணவர்கள் ஒருவருக்கொருவர் எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பது ஆய்வு. பெயர்களை எடுத்துவிட்டு எண் போட்டிருக்கிறாள். நான் உறுப்பினர் ஒன்பது.

இன்று மாலை எங்கள் குவார்ட்டர்ஸ் வீட்டுக்கு வந்தவள், "நீதான்டி இந்தக் குரூப்புக்கு உசுரு. யார் கேட்டாலும் பதில் சொல்லிக்கினே இருக்க. பெரிய டீச்சரம்மா!" என்று சிரித்தாள். பிறகு கேட்டாள்: "பதினேழு மட்டும் குரூப்ப வுட்டுப் போயிட்டா. சம்மதம் வாங்காம அவ எழுதினத ஆய்வுல சேக்கக் கூடாது. அவ போன் நம்பர் இருக்கா?"

"இல்லக்கா."

"அப்ப அவ மெசேஜ் எல்லாத்தையும் நீக்கிடறேன்."

பதினேழு, என் வகுப்பு ரேவதி. ஒரே கணக்கை மூன்று முறை கேட்டாள். மூன்றாவது முறை, "எனக்கு மட்டும்தான் புரியலையா?" என்று எழுதினாள். எனக்கு விடை தெரியும். ஆனால் காலாண்டுத் தேர்வில் அவள் என்னை முந்தியிருந்தாள். அவள் கேள்விக்குக் கீழே நான் வேறொரு கணக்கைப் போட்டேன். எல்லோரும் அதற்குத் தாவினார்கள். அன்றே அவள் குழுவிலிருந்து வெளியேறினாள். அவள் அப்பாவின் கான்ட்ராக்ட் வேலை முடிந்ததும் குடும்பத்தோடு பண்ருட்டி போய்விட்டார்கள். அங்கே பள்ளிக்குப் போகிறாளா, தெரியாது.

அவள் எண் என் போனில் இருக்கிறது. அவளை நீக்கிவிட்டால் ஆய்வில் நான் நல்லவளாகவே இருப்பேன். கண்ணை மூடினால் அந்த மூன்றாவது கேள்விதான் வருகிறது.

எழுந்து அவள் கேட்ட கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நான்கே வரிகளில் விடை.