பயிற்சியாளர் வீட்டுப் புல்

மச்சான்,

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, ஈப்போ, ஜெலாப்பாங்கில் ஜமால் பாய் சாப்பாட்டுக் கடையின் மூலை மேசையில், மூவர் கலந்துகொண்ட கூட்டத்தில் ஒருமனதாக ஒரு முடிவு எடுக்கப்பட்டது. மாநிலக் காற்பந்துக் குழுவின் தலைமைப் பயிற்சியாளரை மாற்றப் போகிறார்கள் என்று பரவும் செய்தியை, அவர் வீட்டுப் புல்லை நேரில் பார்க்கும்வரை இம்மேசை ஏற்காது, மறுக்கவும் செய்யாது. முன்மொழிந்தவர் முனியாண்டி அண்ணன். தாப்பாவிலிருந்து மலைக்கு முப்பது வருடம் பஸ் ஓட்டியவர் என்பதால் அவர் காரிலேயே போவதென்றும் தீர்மானமானது. ஜமால் பாய் கல்லாவை மருமகனிடம் ஒப்படைத்தார். கடை திறந்த நாளிலிருந்து காலை வேளையில் அவர் கல்லாவை விட்டு எழுந்தது இரண்டே முறை. முதல் முறை உன் சாவுக்கு.

நீ போய் ஐந்து மாதமாகிறது. செய்திகளுக்குக் குறைவில்லை. திங்கட்கிழமை மட்டும் என் கைப்பேசிக்கு மூன்று வந்தன. பயிற்சியாளர் பெட்டி கட்டிவிட்டார். பயிற்சியாளர் கோல்கீப்பரோடு கைகலப்பு. புதிய பயிற்சியாளர் விமானத்தில் ஏறிவிட்டார். மூன்றையும் அனுப்பியவர் ஒருவரே. நடுவில் பக்கவாதத்துக்கு வெண்டைக்காய்த் தண்ணீர் நல்லது என்றும் அனுப்பியிருந்தார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம், சுண்ணாம்பு மலை தெரியும் அந்தத் தெருவில், பயிற்சியாளர்களுக்கென்று கிளப் வாடகைக்கு எடுத்திருக்கும் வீட்டுக்கு எதிரே வண்டியை நிறுத்தினோம். கண்ணாடியை இறக்கியதும் வாசனை வந்தது. வெட்டிய பசும்புல்லும் பெட்ரோலும் கலந்த வாசனை. பதினெட்டு வருடம் காலை பத்து மணிக்கு நம் மேசைக்கு வந்து உட்கார்ந்த வாசனை அதுதான். காற்சட்டை முழுக்கப் புல் துணுக்குகளோடு வருவாய். நீ எழுந்து போனபின் ஜமால் பாய் நாற்காலியைத் துடைக்கச் சொல்வார். துடைக்கும்வரை அதில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள்.

நம் எஸ்டேட்டில் துரை மாறுவதை ஆபீஸ் கிராணிக்கு முன்பே உன் அப்பா அறிவார். பங்களாவில் புல்லை ஒட்ட வெட்டு என்று உத்தரவு வந்தால் பழைய துரை போகிறார் என்று பொருள். வருகிறவருக்கு வீடு அழகாகத் தெரிய வேண்டும். போகிறவருக்கு எதுவும் தெரிய வேண்டியதில்லை. எஸ்டேட்டை விற்று, ரப்பர் மரங்களை வெட்டி, வீடுகள் கட்டினார்கள். நாம் ஈப்போவுக்கு வந்தோம். நான் ஓர் அலுவலகத்தில் கோப்பு அடுக்கினேன். நீ ஒரு புல் வெட்டும் மெஷின் வாங்கினாய். அந்த வீட்டுப் புல் உன் கைக்கு வந்தபோது, அப்பா துரைகளிடம் படித்ததை நீ பயிற்சியாளர்களிடம் பயன்படுத்தினாய். ஐந்து பேர் போனதை முன்கூட்டியே சொன்னாய். ஒன்றும் தப்பவில்லை.

டீ வரும்வரை வாயைத் திறக்க மாட்டாய். முனியாண்டி அண்ணன்தான் ஆரம்பிப்பார்.

"என்னலா, புல்லு எப்படி?"

"ஒட்ட வெட்டச் சொல்லிட்டாங்க."

"எப்போ?"

"வெள்ளிக்குள்ள முடிக்கணுமாம்."

"அப்ப ஹாபிஸ்," என்பார் அண்ணன். ஆள் கதை முடிந்தது என்று பொருள். ஓர் அரசாங்கம் கவிழ்ந்ததை அறிவிக்கும் நிதானம் அவர் குரலில் இருக்கும்.

"வெளிய சொல்லாதீங்க. என் பொழப்பு போயிரும்," என்று ஒவ்வொரு முறையும் சொன்னாய். நாங்கள் சொல்லவில்லை. எங்களை யாரும் கேட்கவுமில்லை.

ஆறாவதாக வந்தவர் மொட்டைத் தலைக்காரர். எங்கோ குளிர் நாட்டிலிருந்து வந்தவர். பெயர் நம் வாயில் நுழையாததால் மேசையில் அவருக்கு மொட்டை என்றே பெயர். நீ புல் வெட்டும்போது வாசற்படியில் உட்கார்ந்து காப்பி குடிப்பாராம்.

"எனக்கும் ஒரு கப்பு கொண்டாந்து குடுக்குறான் மச்சான். குடிச்ச கப்ப அவனே கழுவுறான்லா," என்றாய். ஒரு மனிதனைப் பற்றி நீ அவ்வளவு நீளமாகப் பாராட்டி நான் கேட்டதில்லை.

அதனால்தான், ஒரு செவ்வாய்க்கிழமை நீ வந்து, "மொட்டைக்கும் வந்துருச்சு, ஒட்ட வெட்டச் சொல்லிட்டாங்க" என்றபோது உன் டீ ஆறிப்போனது.

அன்று மத்தியானம் நான் ஒரு நிருபருக்குப் போன் செய்தேன். இதை உன்னிடம் எழுதிச் சொல்ல நீ செத்துப்போக வேண்டியிருந்தது. அந்த நிருபர் எனக்குப் பழக்கம் என்பது காரணமில்லை. எனக்கு முன்கூட்டியே தெரியும் என்பது ஒருவனுக்காவது தெரிய வேண்டியிருந்தது. இருபது வருடம் கோப்பு அடுக்கியவனுக்கு அப்படி ஒரு ஆசை வரும்.

மறுநாள் கடைசிப் பக்கத்தில் வந்தது: பயிற்சியாளர் வெளியேறுகிறாரா? கேள்விக்குறி போட்டுவிட்டால் எதையும் அச்சிடலாம். சனிக்கிழமை ஆட்டத்துக்கு ரசிகர்கள் வழியனுப்பும் பாட்டோடு வந்தார்கள். போகிறவர் பேச்சைக் கேட்பதா, வருகிறவர் எப்படி விளையாடச் சொல்வார் என்று யோசிப்பதா என்று ஆட்டக்காரர்களுக்குப் புரியவில்லை. இரண்டு ஆட்டம் தோற்றோம். பயிற்சியாளர் மீது முழு நம்பிக்கை வைத்திருப்பதாக நிர்வாகம் அறிக்கை விட்டது. அப்படி நம்பிக்கை வைக்கப்பட்ட யாரும் அடுத்த மாதம் ஈப்போவில் இருந்ததில்லை. அவரும் போனார்.

அவர் போன மறுநாள் காலை ஜமால் பாய் உனக்கு ரொட்டி சானாயும் முட்டையும் இலவசமாக அனுப்பினார்.

"பெத்துல்லா, சரியாப் போச்சு! நீ சொன்னா சொன்னதுதான்," என்று முனியாண்டி அண்ணன் மேசையைத் தட்டினார்.

நீ தட்டைத் தள்ளி வைத்தாய். "தப்புலா. நான் சொன்னது தப்பு. புல்லு அவன் அம்மாவுக்கு."

எங்களுக்குப் புரியவில்லை.

"எண்பது வயசுக் கிழவி, மொத மொத வருது, கால்ல செருப்பில்லாம நடக்கும், ஒட்ட வெட்டித் தாங்கன்னு அவனேதான் கிளப்புல கேட்டிருக்கான். நாலு நாளு நடந்துச்சு. நேத்து ரெண்டு பேர் பெட்டியையும் நான்தான் வேன்ல ஏத்துனேன்." பிறகு மூன்று பேரையும் ஒருவர் பின் ஒருவராகப் பார்த்தாய். "பேப்பருக்கு யாரு சொன்னது?"

நான் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்தேன். "கிளப்புல உள்ளவன் எவனாச்சும் இருக்கும்லா," என்றேன். குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. பொய் சொன்னதைவிட அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நீ மேற்கொண்டு கேட்கவில்லை. அதற்குப் பிறகும் வந்தாய், டீ வரும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தாய், புல்லைப் பற்றிச் சொன்னாய். ஒரே வித்தியாசம், நீ காலையில் சொல்வது அன்று மத்தியானமே கிளப்பின் அறிவிப்பாக வந்துவிடும். உன் கணிப்பு கூர்மையாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நான் போன் செய்ய நேரமே இருக்காது. செய்திருக்கவும் மாட்டேன். ஆனால் அது உனக்கு எப்படித் தெரியும்?

ஆஸ்பத்திரியில், கடைசி வாரம், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வாயெடுத்தேன். "மச்சான், அந்த மொட்டை விஷயம்..." என்று தொடங்கினேன். நீ கண்ணைத் திறக்காமலே, "இப்ப உள்ள கோச்சு எப்படிலா? பிள்ளைங்கள ஓட விடுறானா?" என்று கேட்டாய். நான் ஓட விடுவதைப் பற்றிப் பேசினேன்.

செவ்வாய்க்கிழமை அந்த வீட்டு வாசலில், மெஷினோடு ஓர் ஆள் புல்லை ஒட்ட வெட்டிக்கொண்டிருந்தான்.

"அலாமாக். மொட்டையா வெட்டுறான்," என்றார் முனியாண்டி அண்ணன். "ஹாபிஸ்." கைப்பேசியை எடுத்தார். "குரூப்புல போட்டுரவா?"

"மச்சான் இருந்திருந்தா, நம்மகிட்டதான் மொதல்ல சொல்லியிருப்பான்," என்றேன்.

பின் இருக்கையில் ஜமால் பாய் சிரித்தார். "எங்ககிட்ட மொதல்ல. ஒங்ககிட்ட மறுநாள்."

"என்ன பாய்?"

பாய் மலையைப் பார்த்தார். சொல்லியிருக்கக் கூடாது என்று அவர் முகம் சொன்னது. சொல்லியாயிற்று என்றும் சொன்னது. "அந்த மொட்டைக்குப் பொறவு அப்படித்தான். ஒங்களுக்கு மட்டும் ஒரு நாளு கழிச்சுத்தான் சொல்லணும்னு எங்ககிட்ட சத்தியம் வாங்கிட்டாரு."

"மறுநாளு நீ வந்து உக்காந்தப்புறம், நாங்க புதுசா கேக்குற மாதிரி கேக்கணும் தம்பி," என்றார் அண்ணன். "ஹாபிஸ்ங்கிறத ரெண்டு தடவ சொல்லணும். லேசுப்பட்ட வேலையா? ஒரு தடவ சரியா நடிக்கலன்னு என்னைய ஏசிப்புட்டான்."

"மச்சானுக்குத் தெரிஞ்சிருந்தா ஏன் என்னைக் கேக்கல?"

"நானும் அவருகிட்ட அதத்தான் கேட்டேன்," என்றார் பாய். "கேட்டுட்டா அவன் மேசைக்கு வர மாட்டான் பாய்னு சொன்னாரு."

மெஷின் சத்தம் நின்றது. அந்த ஆள் பிளேடில் சிக்கிய புல்லை விரலால் எடுத்தான். நீயும் அப்படித்தான் எடுப்பாய், மெஷினை அணைத்துவிட்டு, அவசரமில்லாமல்.

அத்தனை வருடக் காலைகளையும் மனதுக்குள் ஒருமுறை திருப்பிப் பார்த்தேன். அண்ணன் ஆச்சரியப்பட்டது, பாய் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தது, நீ டீ வரும்வரை வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாம் எனக்காக இரண்டாம் முறை. எனக்கு ஒரு நாற்காலியை வைத்திருக்க மூன்று பேர் அவ்வளவு பாடுபட்டிருக்கிறீர்கள். நீ விட்டுச்சென்றதில் என் பங்குக்கு வந்திருப்பது அந்த ஒரு நாள்தான். அதை வைத்திருக்கிறேன்.

"போடவா, வேணாமா?" என்றார் அண்ணன். விரல் திரைமேலேயே இருந்தது.

"நாளைக்குப் போடலாம்ணே."

அவர் என்னைப் பார்த்தார். கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். கடைக்கு வந்து டீ குடித்தோம். யாரும் புல்லைப் பற்றிப் பேசவில்லை.

புதன்கிழமை காலை செய்தித்தாளில், பயிற்சியாளரின் ஒப்பந்தம் மேலும் ஒரு பருவத்துக்கு நீட்டிக்கப்பட்டிருப்பதாகப் போட்டிருந்தது. அவர் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வெள்ளிக்கிழமை ஈப்போ வந்து சேர்கிறார்கள்.