நீலத் தூக்குவாளியைப் பழக்கிய விதம்

பாவா,

இன்று காலை எங்கள் வீட்டில் ஒரு வரலாற்று முடிவு எடுக்கப்பட்டது. சமையலறையில் புளி வைத்திருந்த பிளாஸ்டிக் டப்பாவின் மூடி உடைந்துவிட்டதால், அதைக் குளியலறைக்கு மாற்றித் துணி சோப்பு வைப்பது என்று குடும்பம் ஏகமனதாகத் தீர்மானித்தது. என் மனைவி முன்மொழிந்தாள், நான் வழிமொழிந்தேன். எதிர்ப்பு இல்லை. தீர்மானத்தை நிறைவேற்றும் முகமாக டப்பாவில் கொதிநீரை ஊற்றினேன். புது மழைக்கோட்டும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி ஒரு வாசனை ஆவியோடு எழுந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அது உங்கள் கஞ்சியின் வாசனை.

என் அக்காவைக் கட்டிக்கொண்டு நீங்கள் திருத்தணியில் தறி போட்டிருந்த காலத்தில், நம் தெருவுக்கு நாகரிகம் சைக்கிளில் வந்தது. பழைய பித்தளை கொடுத்தால் பிளாஸ்டிக் சாமான் தருவான் ஒருவன். அக்காவுக்குச் சீராக வந்த பித்தளைத் தூக்கைக் கொடுத்து, மூடி போட்ட நீலத் தூக்குவாளி ஒன்றை வாங்கினீர்கள்.

"எங்கம்மா குடுத்த சீருங்க அது" என்றாள் அக்கா.

"புளி போட்டு தேச்சித் தேச்சி உன் கைதான் தேஞ்சி போச்சி. இது வுழுந்தாலும் ஒடுங்காது, பாத்துகினே இரு" என்று தெருவில் போட்டுக் காட்டினீர்கள். ஒடுங்கவில்லை. தெருவே பார்த்தது. கொஞ்ச நாளில் தெருவின் பித்தளை முழுவதும் அந்தச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டது.

வாளி நாறியது. வேறு யாராக இருந்தாலும் கழுவியிருப்பார்கள். நீங்கள் முறை தெரிந்தவர். புது மண்சட்டியைப் பழக்குகிற மாதிரி, சுடச்சுடக் கஞ்சித் தண்ணீர் ஊற்றி மூடிவைத்துப் பழக்கினீர்கள். சட்டிக்கு ஊற்றியதைக் கொட்டிவிடுவது வழக்கம். உங்களுக்கு அன்னத்தைக் கொட்ட மனம் வராது, குடித்தீர்கள்.

"நாறுதே பாவா" என்றேன்.

"புதுசு இல்ல? போகப் போக போயிடும்டா மச்சான்."

போய்விட்டது. பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு வாளிக்குள் மூக்கை விடச் சொன்னீர்கள். அவர்களும் முகர்ந்து பார்த்துச் சான்றளித்தார்கள்.

பிறகு வயிறு ஆரம்பித்தது. தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தவர், பாதி நெசவில் எழுந்து ஓடினீர்கள். வலி, பொருமல், போக்கு. மிளகாய்தான் காரணம் என்றது தெரு, நிறுத்தினீர்கள். காபி என்றது, அதையும் நிறுத்தினீர்கள். ஆடிக் கிருத்திகைக்கு மலையேறியவர் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டீர்கள். கடைசியில், வயிற்றுக்கு இதமாக இருக்கட்டும் என்று வெறும் கஞ்சி மட்டும். வேளாவேளைக்கு, சூடாக, எலுமிச்சை பிழிந்து, நீல வாளியில்.

சட்டை தொளதொளத்தது. "தறி நின்னா நிக்கட்டும். ஆளு இருந்தா போதும், கூட்டிகினு போடா" என்று அக்கா என்னிடம் சொன்ன பிறகுதான் அரக்கோணம் டாக்டரிடம் போனோம். மதியக் கஞ்சியோடு வாளியும் வந்தது.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "என்ன சாப்பிடறீங்க?"

"கஞ்சிதாங்க. வேற ஒண்ணும் தொடறதில்ல."

"எதுல?"

நீங்கள் குடித்துக் காலியான வாளியை மேசைமேல் பெருமையாக வைத்தீர்கள். அவர் திறந்து, உள்பக்கத்தை விரலால் தடவினார். வெளியே நீலம் அப்படியே இருந்தது. உள்ளே வெளுத்துச் சொரசொரத்திருந்தது.

"மொதல்ல நாத்தம் இருந்ததா?"

"ஆங், இருந்திச்சிங்க. இப்ப சுத்தமா போயிடுச்சி. நான் பழக்கிட்டேன்."

"எங்க போச்சு?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் வாளியைப் பார்த்தேன்.

பிளாஸ்டிக் விறைக்காமல் வளைந்துகொடுக்க என்னென்னவோ ரசாயனம் கலக்கிறார்கள் என்றும், சூடும் புளிப்பும் அதை இழுத்துக்கொண்டு வரும் என்றும் டாக்டர் சொன்னார். "குடலோட உள்தோல் ரொம்ப மெல்லிசு. நமக்கு வேண்டிய நல்ல கிருமிங்க அங்கதான் குடியிருக்கு. இது அதுங்கள என்ன பண்ணுதுன்னு எங்களுக்கே முழுசாத் தெரியல. உங்க வலி இதாலதான்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இதுல இனிமே ஒரு வாய்கூடக் குடிக்காதீங்க."

திரும்பும் ரயிலில் வாளி உங்கள் மடியில் இருந்தது. திருத்தணி நெருங்கும்போது மூடியைத் திறந்து முகர்ந்தீர்கள்.

"நாத்தம் போச்சின்னு ஊரையே கூப்ட்டு காட்டினேனே மச்சான். எனக்குள்ளதான் போய்கினு இருந்திச்சா?"

அதன் பிறகு அலுமினியக் கிண்ணத்தில் குடித்தீர்கள். வலி கொஞ்சம் அடங்கியது. இளைத்த உடம்பு தேறவில்லை. அடுத்த ஆடிக்கு முன்பே போய்விட்டீர்கள். குடலா, வேறு ஏதாவதா என்று டாக்டர் கடைசிவரை சத்தியம் பண்ணவில்லை.

இன்றைக்கும் ஏதாவது நாற்றம் போய்விட்டது என்று யாராவது சொன்னால், எங்கே போயிற்று என்று கேட்கிறேன். வீட்டில் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களுக்கு, நம் வழக்கப்படி, உங்கள் பெயர் போட்டு ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்தோம். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. எங்கள் வீட்டில் இன்று காலை வரை அதில்தான் புளி வைத்திருந்தோம். மற்ற வீடுகளில் ஊறுகாய் இருக்கிறது.