பவளங்களுக்கு ஓர் அறை

மார்ச் 4

காலை அளவுகள்: வெப்பம் இருபத்தைந்தரை, உப்பு சரி. ஏணியில் நின்று பெரிய தொட்டியின் கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மேலாளர் வந்து கீழே நின்றார். "கொஞ்சம் இறங்கி வாங்களேன்." இறங்கவில்லை. மேலேயிருந்தே கேட்டேன்.

ஜூன் முப்பதோடு மீன் காட்சியகத்தை மூடுகிறார்கள். இடத்தை வாங்கியவர்கள் இடித்துவிட்டு வாகன நிறுத்தம் கட்டப்போகிறார்களாம். மீன்களைக் கேட்டு ஆள் வந்தாயிற்று. சுறாவுக்குக்கூட.

"பவளத்தைத்தான் யாரும் சீண்டல. பழசு, பெருசு, ஏத்திட்டுப் போறதே பெரும்பாடு. கடைசி வாரம் மோட்டாரை நிறுத்திடலாம்னு பேச்சு."

இருபத்தொரு வருடங்களுக்கு முன் அந்தத் தொட்டியில் முதல் துண்டை ஒட்டியது நான். கட்டைவிரல் அளவு. இன்று இரண்டு கையையும் விரித்தாலும் அடங்காது.

"நான் எடுத்துக்கறேன்" என்றேன்.

"எங்க வைப்பீங்க?"

தெரியவில்லை. மறுபடியும் கண்ணாடியைத் தேய்க்க ஆரம்பித்தேன்.

மார்ச் 5

வீட்டில் கணவரிடம் சொன்னேன். பின்னறையில் உட்கார்ந்து யாருடைய மேல்வரிசையையோ ராவிக்கொண்டிருந்தார். முப்பது வருடமாகப் பல்செட் செய்கிற கை. கோபம் வந்தால் பேச மாட்டார், ராவுகிற சத்தம் மட்டும் கூடும். இன்று நன்றாகவே கூடியது.

"அவங்க உன்னை வீட்டுக்கு அனுப்புறாங்க. வேலையையும் கூட்டிட்டு வரச் சொல்லல."

"வேலையை இல்லங்க. பவளத்தை."

"உனக்கு ரெண்டும் ஒண்ணுதானே."

உண்மை.

மார்ச் 9

கட்டடப் பொறியாளரை அழைத்துவந்தேன். ஐயாயிரம் லிட்டர் என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தண்ணீர் மட்டும் ஐந்து டன். பாறை, கண்ணாடி, தாங்குகிற மேடை எல்லாம் சேர்த்து ஏழரை.

"ரெண்டு யானைன்னு வைங்க. நகராத யானை. இருபத்திநாலு மணி நேரமும் ஒரே இடத்துல நிக்கும்."

வீட்டுக்குள் எந்தத் தரையும் தாங்காது. கார் கொட்டகை மட்டும் தேறும். அதையும் இரண்டடி தோண்டி, கம்பி கட்டி, புதிதாகக் கான்கிரீட் போட வேண்டும். நீளம் பதினெட்டு அடி, அகலம் பன்னிரண்டு. தொட்டிக்குப் பின்னால் மூன்றடி நடைவழி வேண்டும், இல்லாவிட்டால் கையை விட்டு வேலை பார்க்க முடியாது. தரை வடிகால் பக்கம் சரிய வேண்டும். ஈரக்காற்றை வெளியே தள்ள இரண்டு விசிறி. உப்புக் காற்றுக்கு இரும்பு ஆகாது, ஆணிகூட.

தாள் தாளாக வரைந்துவிட்டேன். கை நிற்கவில்லை.

மார்ச் 12

கொட்டகை கிடைத்தது. "எடுத்துக்க" என்று ஒரே சொல். காரை அவரே வெளியே எடுத்து வேப்பமரத்தடியில் நிறுத்தினார். பதினொரு வருடம் வெயில் படாமல் வைத்திருந்த வண்டி.

எனக்கு வேலை முடிந்ததும் அந்தக் காரில் ஊர் ஊராகப் போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். தினமும் தண்ணீர் பார்க்க வேண்டிய தொட்டியை விட்டு யார் ஊருக்குப் போவது? அவர் இதை எடுத்துச் சொல்லவில்லை. நானும் பேச்சை எடுக்கவில்லை. அது நியாயமா? இல்லை. இருந்தும் நாளை மேஸ்திரி வருகிறார்.

மார்ச் 27

தோண்டும்போது சாக்கடைக் குழாய் குறுக்கே வந்தது. வரைபடத்தில் இல்லாத குழாய். மேஸ்திரி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கேட்டார்: "தொட்டியைக் கொஞ்சம் சின்னதா வச்சுக்கலாமேம்மா?"

"குழாயைக் கொஞ்சம் தள்ளி வைங்க."

தள்ளி வைத்தார். ஒன்பது நாள் போயிற்று.

ஏப்ரல் 19

கான்கிரீட் இறுகிவிட்டது. சுவரில் நீர் புகாத பூச்சு இரண்டு கை. மகள் தொலைபேசியில் சிரிக்கிறாள். "நீ ஓய்வெடுப்பேன்னு பார்த்தேன். கடலையே வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றியே அம்மா."

மே 13

தொட்டி செய்ய ஒப்புக்கொண்ட கண்ணாடிக்காரர் இருபது நாளாக "நாளைக்கு" என்கிறார். வீட்டில் அவர் பெயரே 'நாளைக்கு' என்று ஆகிவிட்டது. இன்று சாப்பாட்டு டப்பாவும் ஒரு புத்தகமும் எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போய் வாசல் நாற்காலியில் உட்கார்ந்தேன். பத்திலிருந்து ஐந்து வரை.

மே 14

இன்றும்.

"அக்கா, வீட்டுக்குப் போங்க. நான் செஞ்சு தர்றேன்."

"செய்யுங்க. நான் படிச்சுட்டு இருக்கேன்."

மதியம் மூன்று மணிக்குக் கண்ணாடி வெட்டத் தொடங்கினார். புத்தகத்தில் முப்பது பக்கம் பாக்கி.

ஜூன் 8

தொட்டி நின்றுவிட்டது. முதலில் வெறும் தண்ணீர் நிரப்பிச் சோதனை. என் தோள் உயரத்துக்குத் தண்ணீர். கணவர் வாசலில் நின்று பார்த்தார், உள்ளே வரவில்லை. ஆனால் வெகுநேரம் நின்றார்.

ஜூன் 11

வலது கீழ் மூலையில் ஒரு துளி. துடைத்தேன். பத்து நிமிடம் கழித்து இன்னொன்று.

ஐயாயிரம் லிட்டரையும் வெளியே விட்டேன். கண்ணாடிக்காரர் வந்து குனிந்து பார்த்தார். முகம் சுருங்கிவிட்டது. "என் தப்புதான் அக்கா. அவசரத்துல பசை சரியா பரவல. பிரிச்சு மறுபடி ஒட்டறேன். காய மூணு வாரம் ஆகும். இந்தத் தடவை நாளைக்குன்னு சொல்ல மாட்டேன்."

மூன்று வாரம் காய்ந்து, அப்புறம் சோதனை. அதற்குள் ஜூன் முப்பது தாண்டிவிடும். மேலாளரிடம் பதினைந்து நாள் கேட்டேன். அவர் கையில் இல்லையாம். முப்பதாம் தேதி மின்சாரத்தைத் துண்டிக்கிறார்கள்.

அதுவரை பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளில் வைத்துச் சமாளிக்கலாம். எட்டுத் தொட்டி வேண்டும். குளிர்ச்சியான இடம் வேண்டும். வீட்டில் குளிர்சாதனம் இருப்பது கணவர் பல்செட் செய்கிற பின்னறையில் மட்டும். எப்படிக் கேட்பேன்? ஏற்கெனவே கொட்டகையைப் பிடுங்கியாயிற்று.

ஜூன் 13

கேட்கவே இல்லை. காலையில் எழுந்து வந்தால் சாப்பாட்டு மேசை முழுக்கப் பல் அச்சுகள். ராவுகிற எந்திரம் அடுப்பங்கரை மூலையில். பின்னறை காலி, பெருக்கியிருந்தது.

"ராவுற மாவு பறக்கும், சாப்பாட்டை மூடி வை" என்றார். அவ்வளவுதான்.

ஜூன் 28

காலை ஆறு முதல் மாலை நான்கு வரை. அறுபத்திரண்டு துண்டுகள். பெரிய மான்கொம்புப் பவளத்தை நாலு பேர் தண்ணீரோடு தூக்கினோம். வண்டி ஓட்டியவர் வேகத்தடை ஒவ்வொன்றிலும் கர்ப்பிணியை ஏற்றிச் செல்வதுபோலப் போனார். பழைய தொட்டி காலியாக நின்றதைப் பார்த்தேன். அழுகை வரவில்லை. கை மட்டும் எரிகிறது, உப்பு.

ஜூலை 10

காலை ஏழரைக்கு மின்சாரம் போயிற்று. தெருக்கோடியில் மின்மாற்றி வெடித்துவிட்டது. பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கியது. அதற்குப் பிறகு மோட்டார் எல்லாம் நின்றுவிட்டது. ஓடாத தண்ணீரில் காற்று தீர்ந்துபோகும், பவளம் மூச்சுமுட்டும்.

மக்கில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன். ஒரு தொட்டி, அடுத்தது, அடுத்தது. எட்டாவதை முடிப்பதற்குள் முதலாவது சூடேறிவிடுகிறது. அவர் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து வந்தார், இன்னொரு மக்கை எடுத்தார். நாலு தொட்டி அவருக்கு, நாலு எனக்கு. நடுவில் ஐஸ் வாங்க ஓடினார், மரத்தடியில் கொதித்துக்கிடந்த காரில். ஒருமுறை, "முப்பது வருஷம் ராவியிருக்கேன், தோள் இன்னைக்குத்தான் வலிக்குது" என்றார்.

மாலை ஐந்துக்கு மின்சாரம் வந்தது.

ஜூலை 12

மான்கொம்பு வெளுத்துவிட்டது. முழுசா. சதை தண்ணியில கரைஞ்சு போகுது, வெறும் எலும்பு நிக்குது. நான் ஒட்டின முதல் துண்டு. போச்சு. என்ன பண்ணிட்டேன் நான்? அங்கேயே விட்டிருந்தா — அங்கேயே விட்டிருந்தா இடிச்சு லாரியில கொட்டியிருப்பாங்க. தெரியும். தெரிஞ்சாலும் என் கையிலதானே செத்துது.

ஜூலை 13

செத்தவை பத்தொன்பது. காலையில் எடுத்து வெளியே வைத்தேன். விட்டால் மற்றவற்றையும் கெடுத்துவிடும். எல்லாவற்றையும் யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று அவரிடம் கேட்டேன்.

"மிச்சம் எத்தனை?"

"நாப்பத்திமூணு."

"அப்ப அந்த நாப்பத்திமூணைப் பாரு."

பார்க்கிறேன். மதியம் ஜெனரேட்டருக்குச் சொல்லி வைத்தோம்.

ஆகஸ்ட் 3

தொட்டி பத்து நாளாக ஒரு துளிகூட விடவில்லை. கண்ணாடிக்காரர் தினமும் வந்து மூலையைத் தடவிவிட்டுப் போனார். உப்பு கலந்து, பழைய பாறைகளை அடுக்கி, இன்று நாற்பத்துமூன்றையும் இறக்கினோம். பல்செட் செய்து பழகிய என் கணவரின் விரல்கள் நுணுக்கமானவை. சின்னத் துண்டுகளை எந்தக் கோணத்தில் ஒட்டினால் நிற்கும் என்று என்னைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார்.

மாலையில் ஒவ்வொன்றாக விரிந்தன. கணுக்கால் வரை ஈரத்தில் நின்று பார்த்தேன்.

அக்டோபர் 18

மகள் வந்திருக்கிறாள். அவளிடம் அளவுகளைச் சொல்லிக்கொடுத்துவிட்டு இரண்டு நாள் காரில் கிளம்பினோம். நானாகத்தான் சொன்னேன். சொல்லாமல் விட்ட கணக்கு ஒன்று எனக்கு இருந்தது. மலைப்பாதை, குளிர், அவர் பழைய பாட்டெல்லாம் பாடினார்.

அக்டோபர் 19

விடுதியில் காலைச் சாப்பாட்டின்போது அவர்தான் ஆரம்பித்தார். "தொட்டியில அழுக்கு நுரை பிடிக்கிற கிண்ணம் நிறைஞ்சிருக்கும். அவளுக்கு அதைக் கழட்டத் தெரியாது."

"ஃபோன்ல சொல்லலாமே."

"நேர்ல போனா நல்லது."

மதியத்துக்குள் வீடு வந்துவிட்டோம். மகள் கிண்ணத்தைக் கழுவி வைத்திருந்தாள்.

நவம்பர் 16

மதியம் ஓர் அழைப்பு. தெரியாத பெண் குரல். ஒரு பெரிய விடுதியின் வரவேற்புக் கூடத்தில் பவளத் தொட்டி வைத்திருக்கிறார்களாம். கூடத்தைப் புதுப்பிக்கிறார்கள், தை மாதத்துக்குள் அகற்ற வேண்டுமாம். "எல்லாம் பதினஞ்சு வருஷப் பவளம் மேடம். நீங்க எடுத்துப்பீங்கன்னு சொன்னாங்க."

அவ்வளவுக்கும் எங்கள் தொட்டியில் இடம் போதாது. முடியாது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். எதிரே அவர் ஒரு பல்செட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"எத்தனை லிட்டராம்?"

கேட்டுச் சொன்னேன். பல்செட்டை மேசையில் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். சன்னல் வழியாகப் பார்த்தேன். வீட்டின் பக்கச் சந்தில், சுவரை ஒட்டி, ஓர் அடிக்கு முன்னால் ஓர் அடியாகக் காலை வைத்து எண்ணிக்கொண்டு நடந்துகொண்டிருந்தார்.