கருப்பி இரை எடுக்காத காரணம்

பவித்ரா,

கருப்பியை ஆண் பாம்போடு விட்டது பொங்கலுக்கு முன்பா, பின்பா என்று சரியாக நினைவில்லை. நினைவிருந்தால், நம் வளர்ப்புக் கிங்ஸ்னேக் பாம்பு இரை எடுக்காததற்கு உன் சாம்பிராணிப் புகையைப் பழித்திருக்க மாட்டேன்.

"பாம்புக்கு எம் புகை ஆகல, எனக்கு இந்த வீடே ஆகல" என்றாய். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் நீ புகை போடவே இல்லை.

இன்று விடியற்காலையில் அவளைத் தூக்கிப் பார்த்தேன். வாலுக்கு மேலே வயிறு கனத்திருக்கிறது. விரலுக்கு முட்டைகள் தட்டுப்படுகின்றன. சினையாக இருக்கிறாள்; அதனால்தான் இரை எடுக்கவில்லை. தப்பு என்னுடையதுதான்.

முட்டையிடும் வரை எலி போடாதே. முட்டையிட வைத்திருக்கும் டப்பாவில் தேங்காய் நார்த்தூள் காய்ந்தால் தண்ணீர் தெளி. பெட்டியைப் பின்னறைக்கு மாற்றிவிட்டேன். கூடத்தில் தாராளமாகப் புகை போடு.

பி.கு.: ஆண் தனிப் பெட்டியில் இருக்கிறான். கருப்பி நார்த்தூளுக்குள் சுருண்டுவிட்டாள். தூங்கும் உன்னை எழுப்பிச் சொல்லத் தைரியமில்லாமல் நான் கன்னிவாடிக்குக் கிளம்புகிறேன்.

பிரபு