மைதீன் பாயிடம் சொல்லாதது

8 ஜூலை, செவ்வாய்

விடியும் முன்பே மழை. வானவடி சிக்னலில் ரெயின்கோட் கிழிந்தது, இடது அக்குளில். ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டருக்குப் போய்ச் சேரும்போது பாதி உடம்பு ஈரம்.

மேட்ரன் மேடம் கூப்பிட்டார். சனிக்கிழமை நர்சிங் கல்லூரியில் இருபது நிமிடம் பேச வேண்டுமாம். அறுவை சிகிச்சை நர்ஸாக வருபவர்கள் என்னென்ன எதிர்பார்க்கலாம் என்று. "இருபத்திரண்டு வருஷ சர்வீஸ், தும்ஹீச் போலா" என்றார். நீங்கள்தான் பேச வேண்டும் என்று உத்தரவு. சிரித்து வைத்தேன்.

பித்தப்பை 2, ஹெர்னியா 1. சாப்பாடு 3.40க்கு. பாகற்காய் ஊசிப்போயிருந்தது.

போன வெள்ளி ஆபரேஷன் ஆன மைதீன் பாயைப் பார்க்கப் போகவில்லை. வார்டு மாடிப்படி வரை போனேன்.

வீட்டில் பேச்சுக்குக் குறிப்பு:
– நிற்க வேண்டும். நான்கு மணி நேரம், சில நாள் ஏழு. கால் நரம்பு சுருளும்.
– ஒன்றுக்கு வந்தாலும் அடக்க வேண்டும்.
– கை கழுவிக் கழுவித் தோல் உரியும்.
– டாக்டர் கேட்கும் முன் கருவி அவர் கையில் இருக்க வேண்டும். தாமதமானால் திட்டு. சரியாகக் கொடுத்தால் ஒன்றும் இல்லை.
– நோயாளி உங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார்.

கடைசி வரியை அடித்துவிட்டேன். மைதீன் பாய் பார்த்தார்.

ஸ்லைடு செய்து தருகிறாளாம் காவ்யா. "அம்மா, லாஸ்ட்ல ஒரு ஹீரோ லைன் வேணும்மா. தாளி விழற மாதிரி." கை தட்டல் என்று சொல்லத் தெரியவில்லை என் மகளுக்கு. தமிழ் படிக்கவும் வராது. அதனால்தான் இந்த நோட்டை மேஜை மேல் வைக்க முடிகிறது.

9 ஜூலை, புதன்

மழை. துணி காயவில்லை, யூனிஃபார்மை இஸ்திரி போட்டே உலர்த்தினேன்.

போன வியாழன் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

மைதீன் பாய், 64 வயது, கடையநல்லூர். மனைவி இறந்தபின் இங்கே கோந்த்வாவில் மகன் இர்ஃபான் வீட்டுக்கு வந்து எட்டு மாதம். ஹிந்தி வராது. மலக்குடலில் கட்டி. ஆபரேஷனுக்கு முந்தின நாள் சர்ஜன் சார் என்னிடம் சொன்னார்: குடலை உடனே சேர்த்துத் தைக்க முடியாமல் போகலாம். அப்படியானால் குடல் முனையை வயிற்று வழியாக வெளியே எடுத்து, மலம் சேர ஒரு பை ஒட்ட வேண்டியிருக்கும், சில மாதத்துக்கு. நீங்கள் தமிழ், எல்லாவற்றையும் விளக்குங்கள், பைக்கு இடம் மார்க் பண்ணுங்கள், விளக்கியதற்கு ஃபார்மில் கையெழுத்துப் போடுங்கள்.

போனேன். தமிழ் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தார்.

"நம்ம பக்கத்துப் பேச்சுல்லா! எந்த ஊரு தாயி?"

"கோவில்பட்டி, பாய்."

"ரெண்டு நாளா ஊமை மாதிரி கெடந்தேன். வாயத் தொறந்து பேச ஆளில்ல."

கட்டியை எடுப்பதைச் சொன்னேன். மூக்குக் குழாய், எத்தனை நாள் பட்டினி, எல்லாம். ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். "நீ உள்ள நிப்பல்லா? அப்ப எனக்குப் பயமில்ல." அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பையைப் பற்றிச் சொல்ல வரவில்லை. இரக்கம் என்று ஆறு நாளாகச் சொல்லிக்கொள்கிறேன். இரக்கம் இல்லை. அந்த முகம் என்னைப் பார்த்த விதம் எனக்கு வேண்டியிருந்தது. அப்போது தியேட்டரிலிருந்து போனும் வந்தது.

மார்க்கும் பண்ணவில்லை. உட்காரவைத்து, குனியவைத்து, கைலியை எப்போதும்போல் கட்டச் சொல்லி, முடிச்சு விழாத இடமாகப் பார்த்து மையால் புள்ளி வைக்க வேண்டும். எதற்கென்று சொல்லாமல் அதைச் செய்ய முடியாது.

'நோயாளியின் மொழியில் முழுமையாக விளக்கப்பட்டது.' கீழே என் கையெழுத்து, அழகாக. இர்ஃபான் கடையை அடைத்துவிட்டு ஓடி வந்து, படிக்காமல் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டான்.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன் மேஜையில் சார் மார்க் எங்கே என்றார். "வலியில் உட்கார முடியவில்லை சார்" என்றேன். யோசிக்கக்கூட இல்லை, தானாக வந்தது. படுத்திருக்கும் வயிற்றைப் பார்த்து அவரே இடம் முடிவு செய்தார்.

இன்று வார்டுக்குப் போனேன். கைலியை நெஞ்சு வரை தூக்கிக் கட்டியிருக்கிறார். பை சரியாக முடிச்சு விழும் இடத்தில்.

"உங்க டாக்டருக்குக் கைலி கட்டத் தெரியாது போல தாயி" என்று சிரிக்கப் பார்த்தார். பிறகு மெல்ல, "கை காலு கழுவுனாலும் இதோட ஒளு நிக்குமா? தொழலாமா? முந்தியே தெரிஞ்சிருந்தா பள்ளிவாசல்ல கேட்டுட்டு வந்திருப்பேன்."

தெரியாது என்றேன். அது உண்மை.

வெளியே இர்ஃபான். "ஸாரி சிஸ்டர். யாருமே சொல்லலனு அத்தா எல்லார்ட்டயும் சண்ட. நானும் டாக்டர்ட்ட சில்லாயிச்சேன், சத்தம் போட்டேன். அவர் ஃபார்ம் காட்டினார், உங்க ஸைன். அத்தாக்கு யாத் இல்ல, மறந்துட்டாங்க. மயக்க மருந்துல மூளை தோடா ஹில் கயா."

என்னிடம் மன்னிப்புக் கேட்டான். பரவாயில்லை என்றேன். பரவாயில்லை!

கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறார்கள்: குழப்பம், மறதி. கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பியை உயர்த்திவிட்டார்கள். ராத்திரிக்கு ஒரு மாத்திரை.

10 ஜூலை, வியாழன்

மழை விட்டு விட்டு. கால் வலி.

கை கழுவும் தொட்டியில் சார் தனியாக. சொன்னேன், பையைப் பற்றிப் பாயிடம் பேசவே இல்லை என்று. முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்ட என்னைப் பார்த்தார். ஆங்கிலத்தில் சொன்னார்: ஃபார்ம் சரியாக இருக்கிறது, மூன்று மாதத்தில் உள்ளே வைத்து மூடிவிடுவோம், இப்போது கிளறாதீர்கள். கோபம்கூட இல்லை.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அதுதான் இன்றைக்கு எழுத வேண்டியது. மத்தியானம் கேண்டீனில் இரண்டு வடாபாவ் சாப்பிட்டேன். ருசித்தது.

குறிப்பில் சேர்த்தது:
– நீங்கள் செய்யும் தவறு பெரும்பாலும் வெளியே தெரியாது.

வாசித்துக் காட்டியதும் காவ்யா: "இது நெகட்டிவ்மா. டிலீட்?"

செய்யச் சொன்னேன்.

11 ஜூலை, வெள்ளி

பாய் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தார். தொழுகை என்று நினைத்து ஒதுங்கி நின்றேன். தொழுகை இல்லை. "மங்களாபுரம், இடைகால், நயினாரகரம், கொடிக்குறிச்சி, குத்துக்கல்வலசை, தென்காசி."

"என்ன பாய்?"

"பஸ் ஸ்டாப்பு. மூளை கெட்டுப் போச்சானு பாக்கேன். எல்லாம் வருசையா வருது தாயி. நீ சொன்னது மட்டும்தான் வர மாட்டேங்கு." கம்பியைப் பிடித்திருந்தார். "நீ சொல்லிருப்ப. பொய்யா கையெழுத்துப் போடுவியா? எனக்குத்தான் புத்தி போச்சு."

தையல் இழுக்கிறது என்று காலையில் இரண்டு முறை சொன்னாராம். டூட்டி சிஸ்டர் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். குழப்பம் என்று எழுதியிருக்கும் ஆள் சொல்வதை யார் காதில் வாங்குவார்கள். நானும் பலரை அப்படி விட்டிருக்கிறேன். கட்டைப் பிரித்துப் பார்த்தேன். பையின் ஓரம் அழுத்தித் தோல் சிவந்திருந்தது. மாற்றி ஒட்டினேன். "கை நோகாம செய்யுத" என்றார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் திறந்தேன். நாளைக்கு வருகிறேன் என்றது.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். டி.வி.யை நிறுத்தினார். "வேலை போயிருமா?" என்றார். தெரியாது என்றேன். ரிமோட்டை மேஜையில் வைத்துவிட்டு, "அந்த ஆளுக்குத் தெரியணும்ல" என்றார்.

12 ஜூலை, சனி

வெயில், ஒன்பது நாள் கழித்து.

எட்டு மணிக்கு மேட்ரன் மேடத்திடம் காகிதம் கொடுத்தேன். பை பற்றி விளக்கவில்லை, கையெழுத்து என்னுடையது, நோயாளிக்கு மறதி இல்லை. இரண்டு முறை படித்தார். "கல்லூரிக்கு வேற சிஸ்டரை அனுப்பறேன்" என்றார் ஹிந்தியில். மற்றதைத் திங்கட்கிழமை விசாரிப்பார்களாம். சரி என்றேன். காவ்யாவுக்கு மெசேஜ்: பேச்சு இல்லை. பதில்: அழுகிற முகம் ஒன்று.

மார்க் பற்றி அந்தக் காகிதத்தில் இல்லை. எழுத உட்கார்ந்தேன், கை போகவில்லை. பையைச் சொல்லாதது மறதி என்றாவது பார்ப்பவருக்குத் தோன்றலாம். மார்க் பற்றிச் சாரிடம் சொன்னது முழுப் பொய்.

வார்டில் இர்ஃபானும் இருந்தான். நல்லது என்று தோன்றியது, ஓடிவிடலாம் என்றும். முதலில் பாயிடம் தமிழில் சொன்னேன். பிறகு ஒரு சொல் விடாமல் இர்ஃபானிடம், அவனுக்கு நன்றாக வரும் ஹிந்தியில்.

இர்ஃபான் கத்தினான். "அத்தா பாகல் ஆயிட்டாங்கனு வீட்ல எல்லாரும் ரோனா, ஒரே அழுகை! டாக்டர்ட்ட மாத்திரை கேட்டதே நான்தான், தெரியுமா?" பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து பார்த்தார்கள். சரிதான், பார்க்கட்டும்.

பாய் கையை உயர்த்தினார். அவன் நிறுத்தினான்.

"கேட்டியால?"

"கேட்டேன் அத்தா."

"எனக்குக் கிறுக்குப் பிடிக்கல."

"இல்ல அத்தா."

"அப்ப இந்தக் கம்பிய எறக்கு."

இர்ஃபானுக்கு இறக்கத் தெரியவில்லை. நான் உதவப் போனேன். "நீ விடு, அவன் செய்வான்" என்றார். கொக்கியைக் கண்டுபிடித்து இறக்கினான். பாய் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார், ஒரு கையால் பையைத் தாங்கிக்கொண்டு. என்னைத் தாயி என்று கூப்பிடவில்லை.

"சிஸ்டர். இன்னும் ஏதும் சொல்லாம வச்சிருக்கியளா?"

பன்மைக்கு மாறிவிட்டார்.

"இருக்கு, பாய்" என்றேன். அவர் கைலி முடிச்சைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தேன்.