மேக்குக்கு நான் கொடுத்த மீன்

பிமாயிலிருந்து

என் செல்ல மகள் லம்துவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளை விசிட்டும் சுகமாக இருக்க வேண்டும் என்று புத்தரைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். மேக்தான் அப்படி இல்லை. போனில் சொல்லலாம் என்று பார்த்தேன். உன் குரலைக் கேட்டதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

பயப்படாதே, உன் பூனை உயிரோடு இருக்கிறாள். கர்ப்பப்பையில் சீழ் பிடித்து, சனிக்கிழமை அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். கழுத்தில் பிளாஸ்டிக் வளையத்தோடு என் கட்டிலுக்கு அடியில் படுத்திருக்கிறாள். தண்ணீர் மட்டும் குடிக்கிறாள். சிறுநீரகம் தேறுமா என்று இன்னும் சில நாள் போனால்தான் தெரியும் என்கிறார் டாக்டர் ஜிந்தா.

இது இவ்வளவு தூரம் வந்திருக்கவே வேண்டாம். கருத்தடை ஆபரேஷனுக்குப் போன மாதமே நாள் குறித்திருந்தோம். நீதானே சொன்னாய், "போதும்ப்பா, குட்டி போட்டுப் போட்டு எலும்பும் தோலுமா ஆயிட்டா, ஆபரேஷனப் பண்ணிடுங்க" என்று. டாக்டரும் இரண்டு பக்கத்தையும் எடுத்துச் சொன்னார். வயதாகிவிட்டது, மயக்க மருந்தில் கொஞ்சம் ஆபத்து உண்டு, பிறகு உடம்பு பெருத்துவிடும். செய்யாமல் விட்டாலோ, குட்டி போட்டே தேய்ந்துபோவாள், கர்ப்பப்பையில் சீழ் பிடித்தால் உயிருக்கே உலை. "என்னைக் கேட்டா பண்ணிடுறதுதான் நல்லது, பெரியப்பா" என்றார்.

உன் அம்மாதான் தயங்குவாள் என்று நினைத்தேன். உன் கல்யாணத்துக்கு அத்தை நம் ஊர் வழக்கப்படி இந்த மேகநிறப் பூனைகளை நல்ல சகுனமாக ஜோடியாகக் கொடுத்தபோது, இனி வீடு நிறையக் குழந்தைதான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் அவள். கடுவன் பைக்கில் அடிபட்டுச் செத்தபோது சோறு இறங்காமல் கிடந்தவளும் அவள்தான். "பூனைக்கும் புள்ளைக்கும் என்னடி சம்பந்தம்?" என்று எத்தனை தடவை கிண்டல் செய்திருப்பேன்! இந்த முறை அவள், "சகுனம் கெடக்கட்டுங்க, வாயில்லா ஜீவன் படுற பாட்டைப் பாருங்க" என்று கூடையைத் துடைத்து வைத்துவிட்டாள்.

தயங்கியது நான்தான், மகளே. முந்தின ராத்திரியிலிருந்து பூனைக்கு எதுவும் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் உன் அம்மா குளிக்கப் போன நேரம் பார்த்து, ஒரு கானாங்கெளுத்தியை முள் எடுத்து மேக்குக்கு ஊட்டினேன். மறதியில் செய்யவில்லை, தெரிந்தேதான் செய்தேன். வயிற்றில் சாப்பாடு இருந்தால் மயக்க மருந்து கொடுக்க மாட்டார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றுதான்.

அப்படியே நடந்தது. ஏதோ தின்ற மாதிரி இருந்தது என்று டாக்டரிடம் இழுத்தேன். அவர் திட்டியது உன் அம்மாவை. "அவ்வளவு சொல்லியும் சமையக்கட்டைத் தொறந்து போட்டீங்களா, பெரியம்மா?" என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். நான் சுவரில் இருந்த நாய்ப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த தேதி வருவதற்குள் சீழ் பிடித்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்த மனிதன் நான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. உனக்கு இரண்டாவது தடவையும் கலைந்துபோனதே, அந்த வாரம்கூட மேக் குட்டி போட்டாள். அவளுக்கு அந்தக் கர்ப்பப்பை இருக்கும்வரை உனக்கும் ஒரு வழி இருக்கும் என்று எனக்குள் ஒரு கிறுக்குப் புத்தி. அதை எடுக்க விட மனம் வரவில்லை.

சனிக்கிழமை ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தபோது உன் அம்மாவிடம் உடைத்துச் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. "அன்னிக்கே உங்க கையில மீன் நாத்தம் அடிச்சுதே. நீங்களா சொல்லுவீங்கன்னுதான் இருந்தேன்" என்றாள். கொஞ்ச நேரம் அழுதாள். அதன் பிறகுதான் உன் டாக்டர் சொன்னதைச் சொன்னாள். இன்னொரு முறை கருத்தரித்தால் உன் உயிருக்கே ஆபத்தாமே. என்னிடம் சொல்ல வேண்டாம் என்று நீ கேட்டுக்கொண்டாயாம். "அப்பா தாங்க மாட்டாரும்மா" என்றாயாம்.

அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஒவ்வொரு புத்தாண்டுக்கும் நீங்கள் பஸ் ஏறும்போது, "அடுத்த தடவை மூணு பேரா வாங்க" என்று சிரித்துக்கொண்டே சொல்வேனே, நீயும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவாயே. அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு நீ என்னென்ன பட்டாயோ, என்னென்ன மருந்து விழுங்கினாயோ, எனக்குத் தெரியாது. என்னை மன்னித்துவிடு.

அப்பா தாங்குவேன், லம்துவன். உன் உடம்பை வருத்தி எனக்குப் பேரன் வேண்டாம், பேத்தியும் வேண்டாம். ஊரில் எவனாவது கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். இந்தப் புத்தாண்டுக்கு நீயும் விசிட்டும் வாருங்கள். இரண்டு பேராகவே வாருங்கள், அம்மா.

நீ நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும் என்பதைத் தவிர வேறு எதுவும் கேட்காத,
அப்பா தாவோன்